தூங்கியவர்களின் சக்தி

வசியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோருடைய மனத்தில் ஒரே மாதிரியான சித்திரம்தான் எழுகிறது. சடைமுடியும் சிவந்த கண்களுமாக ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு எதிரே ஓர் அப்பாவி. அவன் பார்க்கிறான், இவன் மயங்குகிறான்; அவன் சொல்கிறான், இவன் செய்கிறான். பழைய நாடகக் கம்பெனிக்காரர்களும், அவர்களுக்குப் பின் வந்த சினிமாக்காரர்களும், தொடர்கதை எழுதும் என் போன்றவர்களும் இந்தச் சித்திரத்தை வைத்துக்கொண்டு வெகு காலம் பிழைப்பு நடத்தியிருக்கிறோம். மந்திர நூல்காரர்கள் அஷ்ட கர்மம் என்று எட்டு வித்தைகளை அடுக்கும்போது வசியத்துக்கு முன்வரிசையில் இடம் தருகிறார்கள். அந்த எட்டிலும் செய்கிறவனைப் பற்றித்தான் பேச்சு. செய்யப்படுகிறவன் வெறும் களிமண்.

ஹிப்னாடிஸத்தின் சரித்திரத்தில் எனக்கு ஏற்பட்ட மோகத்துக்குக் காரணம், அந்தச் சரித்திரம் இந்தச் சித்திரத்தைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறது என்பதுதான். சக்தி எங்கே இருக்கிறது? தூங்க வைக்கிறவனிடமா, தூங்குகிறவனிடமா? இந்த ஒரு கேள்விக்கு விடை காண ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. அந்த நூறு வருஷத்தில் மிகவும் ருசிகரமான இரண்டு அத்தியாயங்களுக்கு நம் நாட்டோடு சம்பந்தம் உண்டு. ஒன்று, கோவாவிலிருந்து பாரிஸுக்குப் போன ஒரு பாதிரியாருடைய கதை. மற்றொன்று, ஸ்காட்லாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்த ஒரு டாக்டருடைய கதை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் ஒருவர் சொன்னதை மற்றவருடைய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தால்தான் முழு விஷயமும் விளங்குகிறது.

எங்கள் அஞ்சுகிராமத்துக்கு இந்த விஷயம் அப்படி ஒன்றும் அந்நியமானதல்ல. கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், திருநெல்வேலிச் சீமையின் எல்லையை ஒட்டி இருக்கிற ஊர். அந்தப் பக்கத்து அம்மன் கோவில்களிலும் மாடன் கோவில்களிலும் கொடை நடக்கும்போது வில்லுப்பாட்டு வைப்பார்கள். வில்லும் குடமும் உடுக்கையும் ஒரு கதியில் ஏறி ஏறி வந்து ஓர் இடத்தைத் தொடும்போது, அதுவரை சாதுவாகக் கை கட்டி நின்ற கோமரத்தாடியின் உடம்பு உதறத் தொடங்கும். அந்த உதறலின் பொருள் என்ன என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அது பக்தியின் விஷயம். ஆனால் சிறு வயதிலேயே ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அதே பாட்டை, அதே மேளத்தை, சுற்றி நிற்கும் அத்தனை பேரும் கேட்கிறார்கள். உடம்பு உதறுவது ஒருவருக்குத்தான்.

பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை மெஸ்மரிச வித்தைக்காரர் ஒருவர் வந்தார். கோட்டும் தலைப்பாகையும் தரித்த மனிதர். மேல் வகுப்புப் பையன் ஒருவனை நிறுத்தி, முகத்துக்கு நேரே கைகளை மேலும் கீழும் வீசி, அவனை மரக்கட்டை போல் விறைக்கச் செய்து, தலையை ஒரு நாற்காலியிலும் காலை மற்றொரு நாற்காலியிலும் வைத்துப் படுக்க வைத்துவிட்டார். நாங்கள் மூச்சுவிடவில்லை. வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் அந்த மனிதரின் சக்தியைப் பற்றிப் பிரமாதமாக வர்ணித்தேன். ஆச்சி முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவன் என்னத்த ஒறக்குகான் மக்களே? அந்தப் பயலுக்கு நாலு பேரு முன்னால ஒறங்கணும்னு இருக்கு, ஒறங்குகான்" என்றாள். நாற்காலி வித்தைக்கு ஹிப்னாடிஸமே தேவையில்லை, தேக பலமுள்ள எந்த வாலிபனும் விழித்த நிலையிலேயே அப்படிக் கிடக்கலாம் என்று பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். ஆச்சி புத்தகம் படித்தவள் அல்ல. ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் பெரிய பெரிய விஞ்ஞானிகள் கை வைத்து, பாதியில் விட்டுவிட்டுப் போன ஒரு விஷயத்தை அவள் அரிசி புடைத்துக்கொண்டே தொட்டுவிட்டாள்.

அந்த விஞ்ஞானிகளின் கதையிலிருந்து ஆரம்பிப்போம்.

1734-ல் ஜெர்மன் தேசத்தில் பிறந்து, வியன்னாவில் வைத்தியம் படித்தவர் பிரான்ஸ் அன்டன் மெஸ்மர். பிரபஞ்சம் முழுவதும் ஒரு சூட்சும திரவம் பரவியிருக்கிறது, அது மனித உடம்பில் தடைப்பட்டால் நோய், தடை நீங்கினால் சுகம் என்பது அவருடைய சித்தாந்தம். முதலில் காந்தக் கற்களை வைத்து வைத்தியம் செய்தார். பிறகு காந்தக் கல்லே வேண்டாம், தம் கையே போதும் என்று கண்டார். அதற்கு ஜீவ காந்தம் என்று பெயர் சூட்டினார். 1778-ல் பாரிஸுக்கு வந்த பிறகு அவர் வீட்டு வாசலில் கோச்சு வண்டிகள் வரிசையாக நிற்கத் தொடங்கின. பெரிய மரத்தொட்டி ஒன்று. அதிலிருந்து வளைந்து நீளும் இரும்புக் கம்பிகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பிரபுக்களும் சீமாட்டிகளும். பக்கத்து அறையிலிருந்து மெல்லிய சங்கீதம் வரும். ஊதா நிற அங்கியில் மெஸ்மர் பிரவேசிப்பார். சிலர் சிரிப்பார்கள், சிலர் அழுவார்கள், சிலர் வலிப்பு வந்தவர்கள் போல் துடிப்பார்கள். துடித்து அடங்கியதும் நோய் குறைந்ததாகச் சொல்வார்கள். எல்லாருமே பொய் சொன்னார்கள் என்று நினைப்பதற்கில்லை.

1784-ல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி இதை விசாரிக்க ஒரு கமிட்டி நியமித்தார். அமெரிக்காவின் தூதராக அப்போது பாரிஸில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், நவீன ரசாயன சாஸ்திரத்தின் தந்தை என்று சொல்லப்படும் லவாய்சியர், பின்னால் தலைவெட்டும் யந்திரத்துக்குத் தம் பெயரைக் கொடுக்க நேர்ந்த டாக்டர் கில்லட்டின் எல்லாரும் அதில் இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரு பரீட்சை வெகு அழகானது. பிராங்க்ளின் வசித்த வீட்டுத் தோட்டத்தில் மெஸ்மருடைய சீடர் ஒரு மரத்துக்குக் "காந்தம் ஏற்றி" வைத்தார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, காந்தம் ஏற்றாத வேறு மரங்களை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொள்ளச் செய்தார்கள். முதல் மரத்திலேயே அவனுக்கு வியர்த்தது. போகப் போகத் தலை கனத்தது. நாலாவது மரத்தடியில் மூர்ச்சை போட்டு விழுந்தான். உண்மையான மரமோ எட்டத்தில் நின்றது.

திரவமும் இல்லை, காந்தமும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று கமிட்டி எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குப் போய்விட்டது. தீர்ப்பில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுடைய கற்பனை அவனை வேரறுந்த மரம் போல் சாய்க்குமானால், அந்தக் கற்பனையால் வேறு என்னென்ன முடியும் என்று அந்த மேதைகளில் ஒருவரும் கேட்கவில்லை. கற்பனை என்று சொல்லிவிட்டால் ஒன்றுமில்லை என்று பொருள் அவர்களுக்கு. கற்பனையையே தொழிலாகக் கொண்டவனுக்கு இதைப் படிக்கும்போது சற்றுக் கோபம் வருகிறது.

அவர்கள் விட்ட இடத்தில் பிடித்தவர்தான் நம் கோவாக்காரர்.

ஜோஸே குஸ்தோதியோ த ஃபாரியா 1756-ல் கோவாவில் பார்தேஸ் பகுதியைச் சேர்ந்த காந்தோலிம் கிராமத்தில் பிறந்தார். கொங்கணி பேசும் கிறிஸ்தவக் குடும்பம். தாய் தந்தையர் ஒத்துப் போகவில்லை. திருச்சபையின் அனுமதியோடு பிரிந்து, தந்தை பாதிரியாராகவும் தாய் பழைய கோவாவில் உள்ள கன்னிமாடத்தில் துறவியாகவும் ஆகிவிட்டார்கள். பையனுக்குப் பதினைந்து வயதானபோது தந்தை அவனைக் கப்பலேற்றி லிஸ்பனுக்கு அழைத்துப் போனார். பிறகு ரோமாபுரியில் படிப்பு, 1780-ல் குருப்பட்டம்.

கோவாவில் வழங்கும் ஒரு கதை உண்டு. போர்ச்சுகல் ராணியின் முன்னிலையில் இளம் பாதிரியார் பிரசங்கம் செய்ய வேண்டியிருந்தது. மேடை ஏறினார். எதிரே பட்டும் பவளமுமாக ஒரு பெரிய சபை. நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது மேடைக்குக் கீழே இருந்த தந்தை கொங்கணியில், "எல்லாம் வெறும் கீரைதானடா, அறுத்துத் தள்ளு" என்று முணுமுணுத்தாராம். அந்த ஒரு சொல்லில் பயம் பறந்து, பிரசங்கம் வெள்ளமாக வந்ததாம். காதோடு சொன்ன ஒரு வார்த்தை மனிதனை எப்படி மாற்றிவிடுகிறது என்று ஃபாரியா யோசிக்கத் தொடங்கியது அன்றுதான் என்று கோவாக்காரர்கள் சொல்கிறார்கள். கதை நடந்ததோ இல்லையோ, அதைக் கட்டியவன் ஃபாரியாவை நன்றாகப் புரிந்துகொண்டவன்.

1787-ல் கோவாவில் ஒரு சதி வெளிப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் என்பதால் உயர்ந்த பதவிகள் மறுக்கப்பட்ட பாதிரிமார்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் போர்ச்சுகீசிய ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டார்கள். பிண்டோ சதி என்று சரித்திரம் அதைக் குறிப்பிடுகிறது. பலர் மரண தண்டனை அடைந்தார்கள். லிஸ்பனில் இருந்த ஃபாரியாவின் மீதும் சந்தேகம் விழுந்தது. 1788-ல் அவர் பாரிஸுக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் பிரெஞ்சுப் புரட்சி. 1795-ல் பாரிஸ் வீதிகளில் நடந்த கலகத்தில் ஒரு படைப்பிரிவுக்கே இந்தக் கறுத்த பாதிரியார் தலைமை வகித்தார். அதற்கு அப்புறம் தெற்கே போய், மார்செயிலும் நீமிலும் தத்துவ சாஸ்திர ஆசிரியர் வேலை பார்த்தார். இப்படி ஒரு வாழ்க்கையை நாவலில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர், "கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

1813 ஆகஸ்டில் பாரிஸில் கிளிஷி வீதியில் தம் பொதுக் காட்சிகளை ஆரம்பித்தார். நுழைவுக் கட்டணம் ஐந்து பிராங்க். மரத்தொட்டி இல்லை, ஊதா அங்கி இல்லை, சங்கீதம் இல்லை. ஒருவரை நாற்காலியில் சௌகரியமாக உட்காரச் சொல்வார். கண்ணை மூடித் தூக்கத்தை நினைக்கச் சொல்வார். சற்று நேரம் கழித்து, "தூங்கு!" என்று ஓர் அதட்டல். அவ்வளவுதான். சிலர் அப்படியே ஆழ்ந்துவிடுவார்கள். தண்ணீரை ஒயின் என்று ருசிப்பார்கள். இல்லாத வலியை உணர்வார்கள். இருக்கிற வலியை மறப்பார்கள். இந்த நிலைக்குத் தெளிந்த தூக்கம் என்று ஃபாரியா பெயர் வைத்தார்.

கூட்டம் அவரைப் பார்த்து வியந்தபோது அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையின் உயிர். 'என்னிடம் ஒரு சக்தியும் இல்லை. என் கையிலிருந்து ஒன்றும் உங்களுக்குள் பாயவில்லை. தூக்கம் உங்களுடையது, அதற்கு வேண்டிய சக்தியும் உங்களுடையது. நான் உங்கள் மனத்தை ஒருமுகப்படுத்துகிறேன், அவ்வளவே' என்பது அவருடைய கொள்கையின் சாரம். ஐந்து பேரில் ஒருவருக்கோ, ஆறு பேரில் ஒருவருக்கோ இந்த இயல்பு அமைந்திருக்கிறது என்று கணக்கிட்டார். ரத்தம் நீர்த்தவர்களுக்கு இது எளிதில் வரும் என்று அவர் கூறிய காரணம் தவறு. ஆனால் காரணத்தைத் தூங்குகிறவனுக்குள்ளே தேட வேண்டும் என்று திசை காட்டியது தவறவில்லை.

தனக்குச் சக்தி இல்லை என்று சொல்லும் மந்திரவாதியை உலகம் மன்னிப்பதில்லை. ஒரு நடிகர் தூங்குவது போல் பாசாங்கு செய்து, நடுக் காட்சியில் கண்ணைத் திறந்து சபையைச் சிரிக்க வைத்தார். 1816-ல் அவரைக் கேலி செய்து ஒரு நாடகமே மேடை ஏறியது. திருச்சபைக்காரர்கள் இது பிசாசின் வேலை என்றார்கள். காந்தக்காரர்கள் இவர் நம் தொழிலைக் கெடுக்க வந்தவர் என்றார்கள். கூட்டம் கலைந்தது. கடைசிக் காலத்தில் ஒரு பெண்கள் மடத்துக்கு ஆன்மிக குருவாக இருந்துகொண்டு தம் கொள்கையைப் புத்தகமாக எழுதினார். 1819-ல் புத்தகம் வெளிவந்தது. அதே வருஷம் செப்டம்பர் 20-ஆம் தேதி இறந்தார். அவர் சமாதி எந்த இடத்தில் என்று அடையாளம் இல்லை.

கால் நூற்றாண்டு கழித்து அலெக்ஸாந்தர் தூமா 'மாண்டி கிறிஸ்டோ' நாவலில் சிறைக்குள் சுரங்கம் தோண்டும் கிழப் பாதிரியாருக்கு ஃபாரியாவின் பெயரை வைத்தார். ஆனால் அவரை இத்தாலியராக ஆக்கிவிட்டார். லட்சக்கணக்கான வாசகர்கள் அந்தப் பெயரை அறிவார்கள். காந்தோலிம் கிராமத்தை அறிவார் இல்லை.

இனி இரண்டாவது அத்தியாயம்.

ஜேம்ஸ் எஸ்டெயில் 1808-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் வைத்தியம் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டராக 1831-ல் கல்கத்தா வந்தார். பிறகு ஹூக்ளியில் இமாம்பாரா ஆஸ்பத்திரிக்கும் சிறைச்சாலை ஆஸ்பத்திரிக்கும் பொறுப்பாளரானார்.

அந்தக் காலத்து ரண சிகிச்சை எப்படிப்பட்டது என்பதை இன்றைய வாசகர்கள் கற்பனை செய்வது கடினம். மயக்க மருந்து கிடையாது. நாலு ஆட்கள் கை காலை அமுக்கிப் பிடிக்க, நோயாளி அலற அலற அறுக்க வேண்டும். நல்ல வைத்தியர் என்றால் வேகமான வைத்தியர் என்று அர்த்தம். வங்காளத்திலோ, யானைக்கால் நோய்க்குக் காரணமான அதே கிருமியால் விரையில் பிரமாண்டமான கட்டிகள் வளர்ந்து, நடக்க முடியாமல் கிடந்தவர்கள் ஏராளம். கத்திக்குப் பயந்து வருஷக்கணக்காக அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள்.

1845 ஏப்ரல் 4-ஆம் தேதி சிறைச்சாலை ஆஸ்பத்திரியில் மாதவ் கௌரா என்ற கைதிக்கு விரைவீக்கத்துக்காகச் சிகிச்சை நடந்தது. காலில் விலங்கோடு சாலை வேலை செய்துவந்த ஏழை. மருந்து ஏற்றியதும் வேதனை தாங்காமல் துடித்தார். எஸ்டெயில், பக்கத்தில் நின்ற வங்காளி உதவி டாக்டரைப் பார்த்து, "மெஸ்மரிசம் பார்த்திருக்கிறீரா?" என்று கேட்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை என்று அவர் சொன்னார். எஸ்டெயிலும் அதைப் புத்தகத்தில் படித்ததுதான். ஒருவர் செய்து கண்ணால் கண்டதில்லை. இருந்தாலும் மாதவ் கௌராவின் முகத்துக்கு நேரே கையை மெல்ல வீசத் தொடங்கினார். வெகு நேரம் வீசினார். கடைசியில் அந்த மனிதர் அயர்ந்தார். ஊசியால் குத்தினார்கள், நெருப்பால் சுட்டார்கள், மூக்கில் நெடியைக் காட்டினார்கள். அசையவில்லை.

அடுத்த எட்டு மாதத்தில் வலியில்லாமல் 73 ரண சிகிச்சைகள் செய்ததாக எஸ்டெயில் பட்டியல் போட்டார். பல் பிடுங்குவதிலிருந்து கை துண்டிப்பது வரை அதில் உண்டு. அறுத்து எடுத்த கட்டிகளில் சில எட்டுப் பவுண்டு, சில எண்பது பவுண்டு. 1846-ல் சர்க்கார் ஒரு கமிட்டி வைத்துப் பரிசோதித்தது. அதன் அறிக்கைக்குப் பிறகு, அந்த வருஷம் நவம்பரில் கல்கத்தாவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியை ஒரு வருஷத் தவணைக்கு அவரிடம் கொடுத்தார்கள்.

இனித்தான் நான் கவனிக்கச் சொல்லும் இடம் வருகிறது. ஒரு நோயாளியைத் தூங்கச் செய்ய மணிக்கணக்காகும்; சிலருக்கு நாள்கணக்கு. துரையால் முடிகிற காரியமா? வங்காளத்து உஷ்ணத்தில் அவர் களைத்துப் போனார். ஆகவே ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக்கொண்டும் கட்டுப் போட்டுக்கொண்டும் இருந்த இளைஞர்களுக்கு, ஹிந்துக்களும் முஸ்லிம்களுமான நம் நாட்டுப் பையன்களுக்கு, வேலையைக் கற்றுக் கொடுத்துவிட்டார். இருட்டறையில் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, குனிந்து, மூச்சு முகத்தில் படும்படி, கைகளை நெற்றியிலிருந்து வயிறு வரை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள்தான். எஸ்டெயில் கத்தியோடு வருவார், அறுப்பார், போவார். புகழ் யாருக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

எஸ்டெயில் நேர்மையானவர். இன்னொரு சம்பவத்தையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். வங்காளத்தில் பேர் பெற்ற ஒரு மந்திரவாதியைச் சந்தித்து, வைத்தியம் எப்படிச் செய்கிறாய் என்று கேட்டார். அந்த மனிதர் ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீரும் ஓர் இலைக் கொத்தும் வாங்கி, நோயாளியை மேலிருந்து கீழாக வருடி, ஊதிக் காட்டினாராம். அட, நாம் செய்வதும் இதுதானே என்று டாக்டர் வியந்தார். வேப்பிலை அடிப்பதையும் திருநீறு ஊதுவதையும் கண்டு வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இல்லை.

ஆனால் எஸ்டெயில் அதிலிருந்து எடுத்த முடிவு வேறு. ஒரு உடம்பிலிருந்து மற்றோர் உடம்புக்குச் சக்தி பாய்கிறது என்ற மெஸ்மருடைய பழைய சித்தாந்தத்தையே அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு முன்பே ஃபாரியா அதை உடைத்துப் போட்டிருந்தும், அந்தச் செய்தி ஹூக்ளிக்கு வந்து சேரவில்லை. தவறான கொள்கை ஏட்டில் கிடந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. கோர்ட்டுக்கு வந்தால்?

வந்தது. 1845 ஜூன் மாதம் ஹூக்ளிக் கடைத்தெருவில், ஒரு சிறுவனைக் கடத்தியதாக ஒரு நாவிதரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் ஏதோ முணுமுணுத்துத் தன் கண்ணுக்கு முன்னே கையை வீசியதாகவும், உடனே அறிவு மயங்கிப் பின்னால் நடந்துவிட்டதாகவும் பையன் சொன்னான். அழுதுகொண்டு நின்ற பையனை வழியில் கண்டேன், அவ்வளவே என்றார் நாவிதர். அப்படி மயக்க முடியுமா என்று கேட்டு எஸ்டெயிலைச் சாட்சியாக அழைத்தார்கள். முடியும் என்றார். கோர்ட்டிலேயே சிலரைத் தூங்க வைத்துக் காட்டினார். நாவிதர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. உண்மையில் என்ன நடந்தது என்பது அந்த இருவருக்குத்தான் தெரியும். ஆனால் கை வீசுகிறவனிடம் எதிர்க்க முடியாத சக்தி இருக்கிறது என்று ஒரு டாக்டர் சத்தியம் செய்த பிறகு, கையில் கத்தியைத் தவிர வேறு எதுவும் அறியாத ஓர் ஏழை எப்படித் தப்புவது? ஹிப்னாடிஸத்தில் ஒருவன் சொல்வதெல்லாம் உண்மை ஆகிவிடாது, இல்லாத நினைவும் அந்த நிலையில் முளைக்கும் என்று இப்போது ஆராய்ச்சியாளர்கள் எச்சரிக்கிறார்கள். 1845-ல் அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

லண்டன் வைத்தியர்கள் எஸ்டெயிலை நம்பவில்லை. நம்பாததற்கு அவர்கள் காட்டிய காரணம், அவரைவிட அவருடைய நோயாளிகளையே அதிகமாக அவமதித்தது. வங்காளிகள் துரையைத் திருப்திப்படுத்துவதற்காக வலியை அடக்கிக்கொண்டு நடிக்கிறார்கள் என்றார்கள். எண்பது பவுண்டு கட்டியை அறுக்கும்போது முகம் சுளிக்காமல் நடிக்கக்கூடிய மனிதன் இருந்தால், அவன் முன்னே ராஜாதிராஜர்கள் கைகட்டி நிற்க வேண்டும்! ஒரு கட்சி இவர்கள் ஏமாளிகள் என்றது. மறு கட்சி ஏமாற்றுக்காரர்கள் என்றது. அவர்களுக்குள்ளே ஒரு சக்தி இருந்தது, அதைக் கொண்டு அவர்கள் கத்தியின் வேதனையைக் கடந்தார்கள் என்று சொல்ல இரண்டு கட்சிக்கும் மனம் வரவில்லை. அவர்களில் பலர் கைதிகள், ஏழைகள். என்ன செய்யப் போகிறோம் என்றுகூட முன்னதாகச் சொல்லப்படாதவர்கள். கட்டிகளின் எடை ஏட்டில் துல்லியமாக இருக்கிறது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். கல்கத்தா ஆஸ்பத்திரி திறந்தது 1846 நவம்பரில். அதற்கு ஒரு மாதம் முன்னே, அக்டோபர் 16-ஆம் தேதி, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியைக் கொடுத்து ஒரு நோயாளியை மயங்க வைத்துவிட்டார். 1847-ல் ஈதர் கல்கத்தாவுக்கும் வந்தது. அந்த வருஷக் கடைசியில் எடின்பரோவில் சிம்ப்ஸன் குளோரோபாரத்தின் மயக்கும் குணத்தைக் கண்டுபிடித்தார். லண்டனில் ஈதர் கொடுத்து ரண சிகிச்சை செய்த லிஸ்டன், இந்த அமெரிக்கத் தந்திரம் மெஸ்மரிசத்தைத் தோற்கடித்துவிட்டது என்று குதூகலித்தார். அது நியாயமான தோல்விதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தூங்க வைக்க நாள்கணக்காகும் வித்தை எங்கே, நிமிஷத்தில் மயக்கும் மருந்து எங்கே? எல்லாருக்கும் பலிக்காத வித்தை எங்கே, எல்லாருக்கும் பலிக்கும் மருந்து எங்கே? சர்க்கார் ஆஸ்பத்திரி ஒரு வருஷத்தில் மூடப்பட்டது. கல்கத்தாவாசிகள் சந்தா சேர்த்து 1848-ல் வேறொன்று திறந்தார்கள். 1851-ல் எஸ்டெயில் இந்தியாவை விட்டுப் போனார். 1859-ல் ஐம்பது வயதில் காலமானார்.

ஃபாரியாவின் விதை மட்டும் அழியவில்லை. 1841-ல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற வைத்தியர் ஒரு காந்தக்காரரின் காட்சியைப் பார்த்துவிட்டு வீட்டில் சோதனை செய்தார். ஒருவருடைய கையும் படாமல், ஒரு பளபளப்பான பொருளை உற்றுப் பார்த்தே மனிதர்கள் அந்த நிலையை அடைவதைக் கண்டார். ஹிப்னாடிஸம் என்ற பெயர் அவரால்தான் நிலைத்தது. பிறகு பிரான்ஸில் நான்ஸி நகரத்து லியெபோவும் பெர்ன்ஹைமும், எல்லாம் மனத்தில் விழும் கருத்தின் வேலை என்று நிலைநாட்டினார்கள். நம் ஃபாரியா முன்னோடி என்று பெர்ன்ஹைம் ஒப்புக்கொண்டார். 1889-ல் வியன்னாவிலிருந்து ஓர் இளம் டாக்டர் அவரைப் பார்க்க நான்ஸிக்கு வந்தார். அவர் பெயர் ஸிக்மண்ட் பிராய்டு. தூங்க வைக்காமலே மனத்தின் அடியறையைத் திறக்க முடியும் என்று பின்னர் அவர் வேறு வழியில் போனது எல்லாருக்கும் தெரிந்த கதை.

1959-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஹில்கார்டும் அவருடைய கூட்டாளியும் ஓர் அளவுகோல் செய்தார்கள். தூங்க வைப்பவரின் திறமையை அளக்கும் கோல் அல்ல அது. தூங்குகிறவரின் இயல்பை அளப்பது. நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் மிக ஆழமாகப் போகிறார்கள், அதே அளவு பேர் அசைவதே இல்லை, மற்றவர்கள் நடுவில் நிற்கிறார்கள். ஃபாரியாவின் ஐந்தில் ஒருவர் கணக்கு இதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. பெல்ஜியத்தில் லியேஜ் நகர ஆஸ்பத்திரியில் 1992 முதல், ஹிப்னாடிஸத்தோடு அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருந்தும் சிறிதளவு அமைதி மருந்தும் சேர்த்து, கழுத்துச் சுரப்பி ஆபரேஷன்கூடச் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகள் விழிப்போடு படுத்தபடி, தங்களுக்குப் பிடித்த ஏதோ ஓர் இடத்தில் மனத்தால் உலாவிக்கொண்டிருக்க, கத்தி தன் வேலையைச் செய்திருக்கிறது. அங்கே டாக்டர் கட்டளையிடுவதில்லை, கூடவே நடக்கிறார். நோயாளியிடம் முன்னதாகவே எல்லாம் சொல்லி, சம்மதம் கேட்கிறார்கள். மாதவ் கௌராவுக்குக் கிடைக்காதது அதுதான்.

கதை எழுதுகிறவன் இதில் ஏன் மனம் பறிகொடுக்கிறான் என்று இப்போது விளங்கியிருக்கும். நல்ல கதையைப் படிக்கும்போது அடுப்பில் பால் பொங்குவது தெரிவதில்லை. வாசலில் கூப்பிட்ட குரல் காதில் விழுவதில்லை. 'என்னமாய் எழுதிவிட்டான்!' என்று எழுதியவனைப் புகழ்கிறோம். எழுதியவன் காகிதத்தில் மை தடவினான், அவ்வளவே. இல்லாத பெண்ணுக்காக உண்மையான கண்ணீர் விட்டது வாசகருடைய மனம். தலைவனுடைய பேச்சில் மயங்கும் கூட்டமும், விளம்பரத்தில் மயங்கும் கூட்டமும் இதை அறிந்துகொண்டால் சில தலைவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் சங்கடம்தான். நம்மை மயக்குகிறவன் நம்முடைய சக்தியைக் கடன் வாங்கித்தான் மயக்குகிறான்.

கோவாவில் பனாஜி நகரத்தில், மாண்டவி நதிக்கரையில் பழைய தலைமைச் செயலகக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஃபாரியாவுக்கு ஒரு சிலை இருக்கிறது. 1945-ல் வைத்தது, சிற்பி ராமச்சந்திர பாண்டுரங்க காமத். நல்ல சிற்பம். அங்கி காற்றில் பறக்க, பாதிரியார் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓங்கி நிற்கிறார். அவர் காலடியில் ஒரு பெண் மயங்கிச் சாய்கிறாள். அவருடைய விரல் நுனிகளிலிருந்து ஏதோ ஒன்று அவள் மீது பாய்கிறது என்றே பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அப்படி எதுவும் பாயவில்லை என்று சொல்லித்தான் அந்த மனிதர் பாரிஸில் பரிகாசத்துக்கு ஆளானார். பனாஜிக்குப் போகிறவர்கள் அந்தச் சிலையின் முன் நின்று, நிற்கிறவரைப் பார்த்த பிறகு, சாய்கிறவளையும் சற்று நேரம் பார்க்க வேண்டும். ஃபாரியா பாதிரியாரே அதைத்தான் விரும்பியிருப்பார்.